ஓடு நனையும், வாசல் நனையாது

சுட்ட களிமண் ஓடு, தண்ணீரே புகாத பொருள் அல்ல. உயர்தர மங்களூர் ஓடுகூடத் தன் எடையில் 18 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தர விதியே இடம் கொடுக்கிறது. அப்படியும் ஓட்டு வீடு ஒழுகாமல் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் களிமண் இல்லை. கூரையின் சாய்வும், ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும் விதமும்தான். வாசல் கதவுக்கு மேலே சொந்தமாக ஒரு சாய்ப்பு இறக்கி ஓடு வேய நினைப்பவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும் ஓட்டின் விலையைவிட, இறக்கும் சாய்வின் அளவுதான் முக்கியம்.

முதலில், ஓடுகள் உட்காரும் விதம். பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பின் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கி, அந்த மாதிரியான ஓடுகளை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த ஓட்டின் ஓரங்களைத் தடவிப் பாருங்கள்: வரப்பும் வாய்க்காலுமாக இருக்கும். இரண்டு ஓடுகள் சேரும் இடத்தில் பரப்பும் பரப்பும் முழுக்க ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

ஏன் ஒட்டக்கூடாது? மழைநீர் கீழ்நோக்கி மட்டும் போவதில்லை. ஒரு மில்லிமீட்டர் இடுக்கு கிடைத்தால், பரப்பு இழுவிசையால் அது சுமார் 15 மில்லிமீட்டர் உயரம் மேலே ஏறும். நாலடி வெளியே போனால் இரண்டடி இறங்கும் கூரையில், அதாவது ஏறத்தாழ 27 டிகிரி சாய்வில், அந்த 15 மில்லிமீட்டர் உயரத்தைத் தொட, நீர் சரிவின் வழியே 33 மில்லிமீட்டர் ஏற வேண்டும். அதே கூரையை 10 டிகிரிக்குப் படுக்க வைத்தால் 85 மில்லிமீட்டர் வரை ஏறிவிடும். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறியிருப்பதோ மூன்று அங்குலம் சொச்சம்தான். காற்றும் சேர்ந்து தள்ளினால் தண்ணீர் மறுபக்கம் வந்து, ஓட்டைத் தாங்கும் ரீப்பரை நனைக்கும். கதவு உயரம் ஏழடி, மேலே மாடி ஜன்னல், நடுவில் இடம் போதவில்லை என்று சாய்வைக் குறைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இடமில்லையென்றால் நீட்டத்தைக் குறைக்கலாம். சாய்வில் கைவைக்கக் கூடாது.

அடுத்தது எடை. ஒரு சதுர மீட்டருக்கு 15 ஓடு, ஓடு ஒன்றுக்கு இரண்டே முக்கால் கிலோ என்று வைத்தால் 41 கிலோ. நாலடிக்கு ஆறடி சாய்ப்பில் ஓடு மட்டும் நூறு கிலோவைத் தாண்டும். இரும்புச் சட்டத்தையும் சேர்த்து 140 கிலோ என்போம். இந்தப் பாரத்தின் மையம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. சுவரில் பொருத்தும் முக்கோணத் தாங்கியின் உயரமும் இரண்டடி என்றால், மேல் போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 140 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று தாங்கியை ஓரடியாகச் சுருக்கினால் இழுப்பு 280 கிலோவாகிவிடும். இன்னொன்றையும் பாருங்கள். 70 கிலோ ஆள் ஒருவர் நுனியில் ஏறி நின்றால், அவர் நிற்பது சுவரிலிருந்து நாலடியில். அவர் ஒருவரே மேல் போல்ட்டுகளில் கூட்டும் இழுப்பு, மொத்தக் கூரையும் கொடுக்கும் அதே 140 கிலோ! ஓடு மாற்ற ஏணியில் நின்றுதான் மாற்ற வேண்டும்.

இவ்வளவு பாரமான கூரையையும் காற்று தூக்கிவிடும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். தோராயக் கணக்கில், மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டி வீசும் காற்றின் அழுத்தமும் ஓட்டின் எடையும் சமமாகிவிடுகின்றன. வீட்டுக் கூரையைவிட வாசல் சாய்ப்புக்கு ஆபத்து அதிகம், அடியில் திறந்து கிடப்பதால். கீழிருந்து காற்று முட்டும், மேலிருந்து உறிஞ்சும். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது காவிரி டெல்டாவில் ஓட்டுக் கூரைகள் பிய்ந்துபோனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டின் அடியில் கம்பி கட்டத் துளை இருந்தால் அதை வீணாக்காதீர்கள். நுனி வரிசையையும் இரு ஓரங்களையும் செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். நுனி ரீப்பர் மற்றவற்றைவிட ஓர் ஓட்டுக் கனம் உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் முதல் வரிசை தலை கவிழ்ந்து, அடுத்த வரிசையோடு கவ்வாது.

பழைய வீடு இடிக்கும் இடத்தில் ஓடு மலிவாகக் கிடைக்கும். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே விரிசல். ஒன்றிரண்டைக் காயவைத்து எடை போட்டு, ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்த லோடு வேண்டாம்.

ஒழுகல் பெரும்பாலும் ஓட்டில் தொடங்குவதில்லை. சாய்ப்பு சுவரைத் தொடும் கோட்டில்தான் தொடங்கும். கொத்தனார்கள் அங்கே சிமென்ட் கலவையைப் பூசி மூடுவார்கள். வெயிலில் ஆறடி இரும்பு அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், இரவில் சுருங்கும்; களிமண் அதில் பாதிகூட நீளாது. கலவை மயிரிழையாக வெடிக்கும், அந்த மயிரிழையே போதும். சுவரில் காடி வெட்டி, ஓர் உலோகத் தகட்டின் மேல் விளிம்பை அதற்குள் செருகி, கீழ் விளிம்பை ஓட்டின்மேல் தொங்கவிடுவதுதான் சரி. கான்கிரீட் சரிவில் கலவை வைத்து ஓடு ஒட்டுகிறார்களே, அது கூரை இல்லை, அலங்காரம்.

வேலையைத் தொடங்குமுன் உங்கள் சுவரில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் என்று தெரிந்தால், சாய்ப்பைச் சுவரில் தொங்கவிடும் எண்ணத்தையே விட்டுவிட்டு, முன்னால் இரண்டு தூண் நிறுத்துங்கள்.