நோயுற்ற புறக்கடைக் கோழியும் ஊர் நலனும்

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள சுமார் 85 கோடி கோழியினப் பறவைகளில் ஏறத்தாழ 32 கோடி புறக்கடையில் வளர்க்கப்படுபவை. சிறு விவசாயிகள், நிலமற்றோர் ஆகியோரின் இல்லங்களில் இவற்றைப் பேணுவோர் பெரும்பாலும் பெண்களே. அவர்களுக்குக் கோழி என்பது அவசரச் செலவுக்கான சேமிப்பு. ஆகவேதான் கோழி நோயுற்றதும், அது சாகுமுன் அறுத்துச் சமைப்பதோ கிடைத்த விலைக்கு விற்பதோ வழக்கமாக உள்ளது. இது இழப்பைக் குறைக்க முயலும் ஏழையின் கணக்கு. ஆனால் அண்டை வீட்டாரின் இழப்பு அதில் சேர்வதில்லை.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய், எச்சத்தாலும் மாசுற்ற நீராலும் இறந்த பறவையாலும் பரவும். பறவைக் காய்ச்சல் மனிதரையும் தாக்கக்கூடியது. இந்தியாவில் இந்நோய் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் புறக்கடைக் கோழிகளிடையே அது பரவியபோது பல லட்சம் பறவைகளை அழிக்க நேர்ந்தது.

நோயுற்ற கோழியை உடனே பிரித்து, நிழலில் வைத்து, தனிக் கலத்தில் நீர் அளிக்க வேண்டும். பிழைக்க வழியின்றித் துன்புறும் ஒற்றைக் கோழியை, பயிற்சி பெற்றவரைக் கொண்டு, குருதி சிந்தாமல் விரைவில் உயிர் நீக்குவதே கருணையாகும். ஆனால் பல கோழிகள் திடீரென மடிந்தால் எதையும் அறுக்கவோ அப்புறப்படுத்தவோ கூடாது; கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

பிற காரணங்களால் இறந்த கோழியையும் குளத்திலோ குப்பையிலோ எறிதல் தகாது. கிணற்றுக்கு அப்பால், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வெறுங்கையால் தொடாதிருத்தலும், பின்னர் சோப்பிட்டுக் கழுவுதலும் அவசியம்.

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2009, அறிவிக்கப்பட்ட நோய்களைத் தெரிவிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது. பறவைக் காய்ச்சலின்போது அரசு அழிக்கும் கோழிகளுக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே மடிந்தவற்றுக்கு இல்லை. எனவே காலந்தாழ்த்தாமல் தெரிவிப்பதே உரிமையாளருக்கும் ஆதாயம். எனினும் இழப்பீடு தாமதமானால் அடுத்த முறை நோய் மறைக்கப்படும். உரிய தொகையை விரைந்து வழங்குவதும் நோய்த் தடுப்பின் ஒரு பகுதியே என்பதை நிருவாகம் உணர்தல் வேண்டும்.