பழைய கடிகாரம் வாங்கப் போகிறீர்களா?

ராசிபுரத்துக்காரர்களுக்கு நெய் வாங்கத் தெரியும். உள்ளங்கையில் ஒரு துளியைத் தேய்த்து முகர்ந்து பார்த்து, வெண்ணெய் உருக்கியதா, வேறு ஏதேனும் கலந்ததா என்று சொல்லிவிடுவார்கள். பட்டுப் புடவை என்றால் சரிகையைப் புரட்டிப் பார்க்காமல் மடியிலிருந்து பணத்தை எடுக்க மாட்டார்கள். இத்தனை சூட்சுமம் தெரிந்த ஊரில் பிறந்து வளர்ந்த என் தங்கை மகன், சென்ற ஆண்டு ஒரு பழைய கைக்கடிகாரத்தை வாங்கி ஏமாந்து வந்தான்.

படிப்பை முடித்துச் சேலத்தில் வேலை பார்க்கும் பிள்ளை. செல்போனிலேயே மணி தெரிகின்ற இக்காலத்தில், சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரங்களின் மீது அவனுக்கு எப்படியோ ஒரு பற்று ஏற்பட்டுவிட்டது. சிகரெட்டு, சினிமா என்று செலவழிப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் என்று நாங்களும் விட்டுவிட்டோம். இணையத்தில் படம் பார்த்து, ஆயிரத்து முந்நூறு ரூபாய் அனுப்பி, ஓர் ‘எச்.எம்.டி. பைலட்’ கடிகாரத்தை வரவழைத்தான். செக்கச் சிவந்த முகப்பு. நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது போன்ற பளபளப்பு. “மாமா, நாற்பது வருசத்துக் கடிகாரம்! ஒரு கீறல்கூட இல்லை, பாருங்கள்” என்று மகிழ்ச்சியுடன் நீட்டினான். ஒரு கீறல்கூட இல்லாததுதான் எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கிற்று.

பேருந்து நிலையத்திற்குச் சற்றுத் தள்ளி, ஒரு மேசையும் ஒரு விளக்கும் மட்டுமே கொள்ளக்கூடிய கடையில் பல ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்த்து வரும் பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். கண்குழியில் பூதக்கண்ணாடியைச் செருகிக் கொண்டு, பின்மூடியைக் கழற்றி, சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“பாய், இதிலே நாலு வாட்ச் இருக்குது” என்றார்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“மிஷின் எச்.எம்.டி.தான். டயலைச் சுரண்டிட்டு யாரோ புதுசா சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. முள்ளு வேற வாட்ச்சோடது. பின்மூடியிலே இருக்கிற பேரு வேற மாடலு. உள்ளே ஆயில் காய்ஞ்சு கெடக்குது. ஓடும், எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க.”

பையனின் முகம் வாடிவிட்டது. நல்ல பைலட் கடிகாரத்தைப் பெரியவர் தம் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். அது கறுப்பு முகப்பு. எழுத்துகள் ஊசி முனையால் எழுதியது போல மெல்லியவை. இவன் வாங்கியதில் எழுத்துகள் தடித்து, ஓரங்களில் மை பரவியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, இது எப்படி முதலில் கண்ணில் படாமல் போயிற்று என்று எங்களுக்கே வியப்பாக இருந்தது.

இத்தகைய ஒட்டுக் கடிகாரங்களுக்கு உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்நகரத்து நேர்மையான வணிகர்களுக்கு இது அநியாயமான பட்டம்தான். ஆயினும் இந்தியாவிலிருந்து குறைந்த விலைக்குப் போகும் பழைய கடிகாரங்களில் முகப்பு மாற்றப்பட்டவை ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. உடைந்த கடிகாரங்களிலிருந்து உறுப்புகளை எடுத்து ஓடுகின்ற கடிகாரம் ஒன்றை உருவாக்குவது குற்றமன்று. அது ஒரு திறமை. அதைச் சொல்லி விற்றால் வாங்குபவனும் மனநிறைவோடு வாங்குவான். மறைத்து விற்பதுதான் மோசடி. தானியக் குவியலின் மேலே உலர்ந்ததைப் பரப்பி, அடியில் ஈரமானதை மறைத்திருந்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. சிவப்புப் பெயின்டுக்கு அடியிலும் அதே ஈரம்தான் இருக்கிறது.

எச்.எம்.டி.யிலேயே இந்த ஒட்டு வேலை மிகுதியாக நடப்பதற்குக் காரணம் உண்டு. 1953இல் பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்வதற்கென மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு கைக்கடிகாரத் தொழிலில் இறங்கியது. பின்னர் துமகூரிலும், ஸ்ரீநகரிலும், இமயமலை அடிவாரத்து ராணிபாக்கிலும் அதன் கடிகாரத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஜனதா, ஜவான், பைலட், கோஹினூர், சோனா, காஞ்சன் என்று பெயர்கள்தாம் எத்தனை! பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பையனுக்கும், நிக்காஹ் மேடையில் அமர்ந்த மாப்பிள்ளைக்கும் அக்காலத்தில் கையில் கட்டப்பட்டது பெரும்பாலும் இதுதான். பார்வையற்றோர் மூடியைத் திறந்து முள்ளைத் தடவி மணி அறியும் கடிகாரத்தையும் அந்நிறுவனம் செய்தது.

பெயர் பலவாயினும் உள்ளே இருக்கும் மிஷின் பலவற்றுக்கும் ஒன்றே. ஜனதாவின் மிஷினும் பைலட்டின் மிஷினும் ஒரே குடும்பம். ஆகவே ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்திவிடுகிறது. பழுது பார்ப்பவருக்கு இது பெரிய வசதி. ஏமாற்றுபவருக்கும் அதே வசதி.

முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று பார்த்துவிட்டு உள்ளே விலையுயர்ந்த கல் இருப்பதாக நம் பெண்மணிகள் சிலர் எண்ணிக் கொண்டிருப்பார்கள். அவை செயற்கை மாணிக்கக் கற்கள். சக்கரங்களின் அச்சு முனை உலோகத்தில் உராய்ந்து தேயாமல் இருப்பதற்காகப் பதிக்கப்படுபவை. விற்றால் காசு தேறாது. அந்த மிஷின் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் அந்த ஐந்தும் ஒரே சீராகக் கேட்க வேண்டும். இடையில் தடுக்கினாலோ, நொண்டுவது போலக் கேட்டாலோ கடிகாரத்திற்கு நோய் இருக்கிறது என்று பொருள்.

1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பாட்டரியில் இயங்கி விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் முன் ஐந்து துடிப்பு என்ன செய்யும்? டாடா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, நம் சேலத்திலிருந்து பெங்களூர் போகும் வழியிலுள்ள ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியதும் சாவிக் கடிகாரத்தின் மவுசு குறைந்தது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் இதுவரை சீண்டாதவர்களெல்லாம் தேடத் தொடங்கினார்கள். தேவை பெருகியது, பெயின்டும் பெருகியது.

நம் சமுதாயத்து வீடுகளில் மற்றொரு வகைக் கடிகாரமும் உறங்கிக் கொண்டிருக்கும். சிங்கப்பூர், மலேசியா, பின்னர் சவூதி, துபாய் என்று பிழைக்கப் போன சபுராளிகள் கொண்டு வந்த சீக்கோ, சிட்டிசன், ஓரியன்ட் கடிகாரங்கள். பாட்டரியும் வேண்டாம், சாவியும் வேண்டாம். கை அசைந்தால் தானே முறுக்கிக் கொள்பவை. 1963இல் அறிமுகமான ‘சீக்கோ 5’ இவற்றில் தலையாயது. கிழமையை ஆங்கிலத்திலும் அரபியிலும் காட்டுபவை வளைகுடாச் சந்தைக்கென்றே வந்தன.

சேகரிக்க விரும்புவோருக்கு நான் கூறுவது: முதலில் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். காசும் செலவில்லை, யாருடைய கடிகாரம் என்ற ஐயமும் இல்லை.

வெளியில் வாங்குவதாயின், சீக்கோ கடிகாரம் தன் வரலாற்றைத் தானே சொல்லும். 1970களிலும் 80களிலும் வந்தவற்றின் பின்மூடியில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’ என்ற எழுத்து. அதே மூடியில் 7009 என்பது போன்ற நான்கு இலக்க மிஷின் எண்ணும் இருக்கும். அந்த எண் உள்ளே மிஷினிலும், முகப்பின் அடி ஓரத்தில் எறும்பளவு எழுத்திலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால் நம்பலாம். அடி ஓரத்து எழுத்து மறைந்தோ மங்கியோ போயிருந்தால் முகப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எந்தக் கடிகாரமானாலும் பின்மூடியைத் திறந்து மிஷினின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் தயங்க மாட்டார். துருவோ, ஒன்றுக்கொன்று நிறம் மாறிய தகடுகளோ இருந்தால் விலகிவிடுங்கள். நேரில் வாங்கினால் சாவி கொடுத்துப் பாருங்கள். முள்ளைத் திருப்பிப் பாருங்கள். முகப்பை மேலாக வைத்தும் கீழாக வைத்தும் ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஒரு முழு நாள் கழித்து ஒரு நிமிடத்திற்குள் வேறுபட்டால் அந்த வயதிற்கு அது நல்ல உடல்நலம். மிக வேகமாக ஓடினால் அஞ்ச வேண்டாம். காந்தம் ஏறியிருக்கக் கூடும். ஒலிபெருக்கி, செல்போன் அருகே வைப்பதால் உள்ளிருக்கும் மயிரிழைச் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கிறது. பழுது பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் காந்தத்தை இறக்கிவிடுவார்.

விலையைக் கணக்கிடும்போது கடிகாரத்தின் விலையோடு ஓவராயில் கூலியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்த கடிகாரத்தை ஓட்டுவது, எண்ணெயில்லாத செக்கை ஆட்டுவது போன்றது. தேய்ந்த அச்சுக்கு மாற்று கிடைப்பது அரிது. ஓராயிரம், ஈராயிரத்திற்கே நல்ல ஜனதா கிடைக்கும் என்றாலும் இந்தக் கூலியை மறந்து வாங்குபவர்கள் பிறகு வருந்துகிறார்கள். தேதி காட்டும் கடிகாரத்தில் இரவு ஒன்பது மணி முதல் விடியற்காலை மூன்று மணி வரை தேதியை மாற்றாதீர்கள்; அப்போது அதற்குரிய பற்கள் தாமே நகர்ந்து கொண்டிருக்கும்.

ஸ்விஸ் கடிகாரங்களைப் பற்றியும் ஒரு சொல். 1865இலேயே பம்பாய்க்கு வந்துவிட்ட ஃபேவர் லூபாவின் ‘ஸீ சீஃப்’ நம் பாட்டன்மார் காலத்துப் பெருமை. இன்று ஸ்விஸ் பெயர் பொறித்த மலிவான பழைய கடிகாரங்களில்தான் ஒட்டு வேலை அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் சற்றுப் பொறுத்திருப்பது நல்லது. 1960களுக்கு முற்பட்டவற்றில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கிவிட்டதே என்று அதைச் சுரண்டிவிடக் கூடாது. மங்கியது ஒளிரும் பொருள் மட்டுமே. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். பொன்னிறக் கடிகாரங்களை ஆண்கள் அணிவது பற்றி அவரவர் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்து கொள்ளலாம். எஃகுக் கடிகாரம் வாங்கினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இவ்வளவையும் கேட்டபின் என் தங்கை மகன் அவனுடைய நன்னாவின், அதாவது என் அத்தாவின், சீக்கோவைத் தேடி எடுத்தான். அத்தா தம்மாமில் வேலை பார்த்து 1986இல் ஊரோடு வந்துவிட்டவர். முதல் சம்பளத்தில் வாங்கியது என்று அம்மா சொல்லிக் கொண்டிருப்பார். நாங்கள் அவ்வளவாக நம்பியதில்லை. பின்மூடி எண் 91 என்று தொடங்கியது. 1979 ஜனவரி, அல்லது 1989. அத்தா 1979இல்தான் சவூதிக்குப் புறப்பட்டார். அம்மா சொன்னது சரியாகவே இருந்திருக்கிறது.

கண்ணாடி முழுவதும் கீறல். நான்காம் எண்ணுக்கு அருகில் ஈரம் புகுந்து முகப்பில் பழுப்புக் கறை. பெரியவர் இரண்டு வழி சொன்னார். “புதுப் பெயின்ட் அடிச்சா பளிச்சுன்னு ஆயிடும். ஆனா கீழே இருக்கிற நம்பர் போயிடும். கறையை அப்படியே விட்டுட்டு, கண்ணாடி மாத்தி ஆயில் போட்டா ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லே. உங்க இஷ்டம்.”

பையன் வெகுநேரம் அந்தக் கறையையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியை மட்டும் மாற்றச் சொன்னான். எண்ணெயும் கண்ணாடியுமாக அறுநூறு ரூபாய் ஆயிற்று. பெரியவரிடம் வேலை கற்றுக் கொள்ள யாரும் இல்லை; அவருடைய மகன் லாரிப் பட்டறையில் இருக்கிறார். “இருக்கிற வாட்ச்சையெல்லாம் சீக்கிரம் கொண்டாந்து குடுத்துடுங்க பாய்” என்று சிரித்துக் கொண்டே சொன்னார்.

அத்தாவின் கடிகாரம் இப்போது நாளொன்றுக்கு நாற்பது விநாடி பின்தங்கி ஓடுகிறது. பஜ்ரு பாங்கின்போது சரி செய்து கொள்கிறான். சிவப்புப் பைலட்டை வாங்கிய விலைக்கே வேறு யாருக்கேனும் விற்றுவிடலாமா என்று ஒரு நாள் கேட்டான். விற்கலாம், நான்கு கடிகாரம் என்று சொல்லி விற்க வேண்டும் என்றேன். அது இன்னமும் வீட்டில்தான் இருக்கிறது.