பனியில்லாத குல்மர்க்

2024 ஜனவரி. ஸ்னோமொபைலில் ஏற்றுவதாகக் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்து, டில்லியிலிருந்து குல்மர்க் போனோம். எங்கு பார்த்தாலும் பழுப்புப் புல்தான்!

டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்கிறார்கள். அப்போது விழும் பனிதான் கெட்டிப்பட்டு நிற்கும். கோடையில் ஓடைக்கும் வயலுக்கும் அதுவே தண்ணீர். அவ்வாண்டு மேற்கிலிருந்து வரவேண்டிய மேகங்கள் ஏமாற்றிவிட்டன.

வண்டிகள் தார்ப்பாய்க்குள் தூங்கின. வண்டிக்காரர் ஒருவர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கடன் தவணை பற்றிச் சொன்னார். மனசு கேட்காமல் பணம் நீட்டினேன். “ஓடாத வண்டிக்கா, சாப்?” என்று கையைத் தள்ளிவிட்டார்.

மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. பிப்ரவரி 21-இல் அங்கே குளிர்கால விளையாட்டுகள் தொடங்கியதை டி.வி.யில் காட்டினார்கள்.

“நம்ம டீ மாமா வண்டி ஓடுதாப்பா?” என்றாள் சின்னவள்.