உயர்நிலைப் படிப்பின் முதலாண்டை வீட்டிலே வகுத்தல்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து வளைந்து ஏறுகிறது. கடல் மட்டத்துக்குச் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலைப்பகுதியின் தேயிலைத் தோட்டங்களிலே தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்துள்ளன. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் மண் சரிந்து சாலை அடைபடுவதுண்டு. பள்ளி அடிவாரத்திலே திறந்திருக்கும். பிள்ளையோ மேலே வீட்டில் இருக்கும். ஒரு வாரம் இவ்வாறு கழிந்தால் இயற்கணிதத்தில் ஓர் அத்தியாயம் போய்விடும். இரண்டு வாரம் கழிந்தால் பிள்ளைக்கு வகுப்பே அந்நியமாகிவிடும். ஏழாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்த பெண், எட்டாம் வகுப்பின் மழைக்காலத்தோடு புத்தகத்தைக் கட்டி வைப்பது இப்படித்தான் தொடங்குகிறது. பெற்றோர் வேண்டுமென்று நிறுத்துவதில்லை; நின்றுபோனதை மீண்டும் தொடங்க வழி தெரியாமல் விட்டுவிடுகின்றனர்.

அந்த ஓராண்டை வீட்டிலே திட்டமிட்டு நடத்தக்கூடுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும். இடமாற்றம், நோய், மொழி இடர் ஆகியவற்றால் பள்ளி தடைப்படும் குடும்பங்கள் எங்கும் உள்ளன அல்லவா?

முதலில் ஒரு சிறு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். உயர்நிலைப் படிப்பின் முதலாண்டு என்று நாம் சொல்லும்போது, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் ஒன்பதாம் வகுப்பை நினைக்கலாம். கேரளத்தில் உயர்நிலைப் பள்ளி எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ எட்டாம் வகுப்பையும் தொடக்கக் கல்வியில் சேர்த்தே எண்ணுகிறது. இந்த வேறுபாடு வெறும் பெயரளவில் நிற்பதன்று. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்குக் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியதோடு, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் கடமையைப் பெற்றோர்மேல் வைத்திருக்கிறது. ஆகவே பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். வீட்டுப் பாடத்திட்டம் பள்ளிக்குத் துணையாகவும், பள்ளி எட்டாத நாள்களில் அதற்கு ஈடாகவும் இருக்கட்டும்.

பதினான்கு வயது நிறைந்த பின்னர் வேறொரு வாயில் திறக்கிறது. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தோன்றிய நிறுவனம் இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என வழங்குகிறது. அது நடத்தும் இடைநிலைத் தேர்வு பத்தாம் வகுப்புக்கு இணையானது. குறைந்தது ஐந்து பாடங்கள் எடுக்கவேண்டும்; அவற்றுள் ஒன்றேனும் மொழிப்பாடமாக இருக்கவேண்டும்; அம்மொழி தமிழாகவும் இருக்கலாம். எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுதித் தீரவேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்தாண்டுக் காலத்துள் ஒன்பது வாய்ப்புகள் வரை உண்டு. இந்நெகிழ்ச்சி பெரும் வசதிதான். ஆனால் 'பிறகு எழுதலாம்' என்னும் சோம்பலுக்கும் அதுவே இடங்கொடுக்கும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சேருமுன் அவ்வாண்டின் விவரக் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு ஆண்டை வீட்டிலே வகுக்கும்போது, பிள்ளை மீண்டும் பள்ளிப் பொதுத்தேர்வுக்கே செல்லுமா, அல்லது இவ்வாயில் வழியே செல்லுமா என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்வது நன்று. எந்த மொழியில் கணிதமும் அறிவியலும் படிப்பது என்ற வினாவுக்கு விடை அதைப் பொறுத்தே அமையும். தேர்வு எழுதப்போகும் மொழியில் கலைச்சொற்களைக் கற்கட்டும். விளக்கத்தைத் தாய் தமிழில் சொல்லட்டும்.

இனிக் காலக்கணக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலைநாள்களும் 1,000 பயிற்று மணிகளும் விதிக்கிறது. வீட்டிலும் இந்த 1,000 மணியையே அளவாகக் கொள்ளலாம். நாற்பது வாரங்களில் பங்கிட்டால் வாரத்துக்கு 25 மணி. நாளொன்றுக்கு ஐந்து மணி. கணிதத்துக்கு 5, அறிவியலுக்கு 4, சமூகவியலுக்கு 4, தமிழுக்கு 4, ஆங்கிலத்துக்கு 4, மலையாளத்துக்கு 3 என்று வைத்தால் 24 ஆகிறது. எஞ்சிய ஒரு மணியை வெள்ளிக்கிழமை மாலை திருப்பிப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். வேறு மாநிலத்தார் மலையாளத்தின் இடத்தில் தத்தம் மாநில மொழியை வைத்துக்கொள்ளலாம். தாயும் தந்தையும் கொழுந்தெடுக்கப் போகும் வீட்டில் ஐந்து மணியும் உடனிருந்து கற்பிப்பது இயலாது. காலையில் ஒரு மணி, இரவில் ஒரு மணி பெரியவர் ஒருவர் அருகிலிருந்தால் போதும். மற்றவை பிள்ளை தானே செய்யும் பயிற்சிகளாக அமையலாம். பள்ளிப் படிப்பு குறைந்த தாயும் இதைச் செய்ய இயலும். பாடத்தைப் படித்த பிள்ளை அதைத் தாய்க்கு எடுத்துச் சொல்லவேண்டும்; தாய்க்கு விளங்காத இடத்தில் பெரும்பாலும் பிள்ளைக்கும் விளங்கியிருக்காது.

இத்தகைய ஏற்பாடு புதியதன்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், அண்டை வீடு பல காத தூரத்துக்கு அப்பால் இருக்கும் கால்நடைப் பண்ணைகளின் பிள்ளைகளுக்காக, 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. ஆசிரியர் நகரில் இருந்து பேசுவார். பிள்ளை தன் வீட்டிலிருந்த இருவழி வானொலிக் கருவியின் மூலம் விடை சொல்லும். எழுதிய பயிற்சிகள் அஞ்சலில் சென்று திருத்தப்பட்டு மீளும். வீட்டில் உடனிருந்து நடத்தியவர் பெரும்பாலும் தாயே. கேரளத்திலும் 2020 சூன் மாதம், பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக வகுப்புகள் நடைபெற்றன. தொலைவிலிருந்து குரல் வரலாம். ஏட்டைத் திறந்து வைப்பதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும் என்பதை அவ்வாண்டு பல குடும்பங்கள் கண்டுகொண்டன.

அறிவியலையும் கணிதத்தையும் பொறுத்தவரை, மலைப்பிள்ளை நகரத்துப் பிள்ளையைக் கண்டு ஏங்கவேண்டியதில்லை. ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கிறது. 27 கிலோ கொழுந்து எடுத்தால் எத்தனை கிலோ தூள் என்று கேளுங்கள். ஆறு என்று சொன்ன பிள்ளைக்கு விகிதம் விளங்கிவிட்டது. பின்னர் கொழுந்தின் எடையை ஓர் எழுத்தாகவும் தூளின் எடையை மற்றோர் எழுத்தாகவும் குறித்துக்காட்டினால், இயற்கணிதம் அச்சந்தராது. சாலை ஏன் நேரே ஏறாமல் 22 முறை திரும்புகிறது? சாய்தளத்தின் நீளம் கூடக்கூட ஏற்றத்துக்கு வேண்டிய விசை குறைகிறது. இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் படித்தவர் பலர். மலை ஏறும் பேருந்தின் இரைச்சலிலே கேட்டவர் சிலர். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை என்ற அளவில் காற்றின் வெப்பம் குறைவதால், பொன்முடி கடற்கரையைவிடச் சுமார் ஏழு பாகை குளிர்ந்திருக்கும். அங்கே நீர் 96 பாகை செல்சியசு அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவதன் காரணம் அதுவே. வாய் முதல் அடிவரை ஒரே அகலமுள்ள ஒரு போத்தலைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் மழைநீரை அளவுகோலால் அளந்து எழுதி வரட்டும். இரண்டு பருவமழைகளையும் காணும் மாவட்டமாதலால், சூனிலிருந்து நவம்பர் வரை வரைபடத்துக்குக் குறைவிராது.

சமூகவியலுக்கும் அருகிலேயே தொடக்கம் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெடுமங்காடு கேரளத்தில் அமைந்தது. தம் வீடு ஏன் எல்லையின் இப்பக்கம் உள்ளது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் வேறில்லை. மனோன்மணீய நாடகத்தை 1891இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் என்பதையும் அப்பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும்.

மொழிப்பாடத்தில்தான் பெற்றோர் தவறு செய்யக் காண்கிறேன். மலையாள வழியில் ஏழாண்டு படித்த பிள்ளையின் கையில் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திணித்தால் அது தமிழையே வெறுக்கும். வகுப்பைப் பாராமல் வாசிக்கும் திறனைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினும் இழுக்கில்லை. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் நூல்களை இணையத்திலிருந்து கட்டணமின்றிப் பெறலாம். 2001இல் நிறுவப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. கேரள அரசே தமிழ்வழிப் பாடநூல்களை வெளியிடுகிறது என்பது மலையிலுள்ள பலர் அறியாதது. இரு மொழிகளையும் பகையாக்காமல் ஒப்பிட்டுக் காட்டுவது சிறந்தது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தேன் என்று வினை மாறுகிறது. மலையாளத்திலோ எல்லாருக்கும் 'வந்நு' ஒன்றே. மலையாளத்தில் பழகிய பிள்ளை தமிழ் எழுதும்போது ஈற்றை விட்டுவிடுவது அறியாமையால் அன்று, இவ்வழக்கத்தாலேயே. இதை எடுத்துச் சொன்னால் ஒரு வாரத்தில் திருந்திவிடும்.

எல்லாவற்றையும் ஒரு தடித்த குறிப்பேட்டில் நாள் குறித்து எழுதிவாருங்கள்: படித்த பக்கம், செய்த கணக்கு, பிழையான கணக்கு. சாலை திறந்ததும் அக்குறிப்பேட்டுடன் வகுப்பாசிரியரைச் சென்று காணுங்கள். எந்த அத்தியாயம் வரை வந்தோம் என்று பிள்ளையே அவரிடம் சொல்லட்டும்; நீங்கள் பின்னால் நின்றுகொள்ளுங்கள்.