ஓவியக் கூடத்திற்கு ஒரு வகுப்பு: பயணத்திற்கு முன்னரே தொடங்க வேண்டிய பாடம்

வடக்கு, கிழக்கு மாகாணங்களிலிருந்தும் மலையகத்திலிருந்தும் ஆண்டுதோறும் பெருந்தொகையான மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாகக் கொழும்புக்கு வந்து செல்கின்றனர். தெஹிவளை மிருகக்காட்சிசாலை, தேசிய நூதனசாலை, காலிமுகத்திடல், கட்டுநாயக்க விமான நிலையம் என இச்சுற்றுலாக்களின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே விதமாகவே அமைந்துவிடுகின்றது. இதில் ஓவியக் கூடம் ஒன்று இடம்பெறுவது அரிது. அவ்வாறு இடம்பெற்றாலும், மதிய உணவுக்கும் காலிமுகத்திடலுக்கும் இடையில் எஞ்சும் அரை மணித்தியாலமே அதற்குக் கிடைக்கின்றது. வரிசையாக உள்ளே நுழையும் மாணவர்கள் வரிசையாகவே மறு வாசலால் வெளியேறி விடுகின்றனர். எதைப் பார்த்தீர்கள் என்று பின்னர் கேட்டால், "நிறையப் படங்கள் இருந்தன" என்பதே பதிலாக இருக்கும்.

இது மாணவர்களின் குறையன்று. திட்டமிடப்படாத பயணத்தின் விளைவேயாகும்.

எமது பாடசாலைகளில் தரம் 6 முதல் ஒவ்வொரு மாணவரும் அழகியற் பாடம் ஒன்றைக் கற்க வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் சித்திரத்தைத் தெரிவு செய்வோர் கணிசமானோர். சங்கீதமும் நடனமும் கற்பிக்கப்படாத முஸ்லிம் பாடசாலைகள் பலவற்றில் சித்திரமே பிரதான தெரிவாகவும் உள்ளது. ஆயினும், இப்பாடத்தைப் பல ஆண்டுகள் கற்றுச் சாதாரண தரப் பரீட்சையில் அதிவிசேட சித்தி பெறும் ஒரு மாணவி, ஓவியர் ஒருவரின் மூலப்படைப்பைத் தன் கண்ணால் ஒருமுறையேனும் பார்க்காமலே பாடசாலையை விட்டு வெளியேறும் நிலை இங்கு சாதாரணமாகிவிட்டது. ஆய்வுகூடத்தைக் காணாமல் விஞ்ஞானம் கற்பதை நாம் குறையெனக் கொள்கின்றோம். ஓவியத்தைக் காணாமல் சித்திரம் கற்பதை மட்டும் எவரும் குறையெனக் கொள்வதில்லை.

பாடநூலில் தீப்பெட்டியளவில் அச்சாகும் ஓவியத்திற்கும் சுவரில் தொங்கும் மூலப்படைப்பிற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. அச்சில் நிறம் மாறுபடுகின்றது; அளவு மறைந்துவிடுகின்றது. ஆளுயர ஓவியத்தின் முன்னால் நிற்கும்போது உடலில் ஏற்படும் உணர்வைப் பக்கத்தின் மூலையிலுள்ள படம் தர முடியாது. தூரிகை சென்ற திசை, வர்ணத்தின் தடிப்பு, அடியிலுள்ள துணியின் நெய்தற் கோடுகள், வரைந்தவர் முதலில் இட்டுப் பின்னர் மறைத்த கோடு ஆகியன மூலத்தில் மாத்திரமே தென்படும். ஓவியம் என்பது ஒரு மனிதனின் கை செய்த வேலை என்பதை மாணவர் உணரும் தருணம் அதுவே. தானும் அவ்வாறு செய்யலாம் என்ற எண்ணமும் அங்குதான் பிறக்கின்றது.

இலங்கையின் நவீன ஓவிய வரலாற்றைப் பார்க்கும்போது பாடசாலையும் ஓவியக் கூடமும் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்ததில்லை என்பது தெளிவாகும். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் பிரதம சித்திரப் பரிசோதகராகப் பணியாற்றிய சி.எப்.வின்சர், பாடசாலைச் சித்திரக் கல்வியில் மாற்றங்களுக்கு வித்திட்டதோடு இளம் ஓவியர்களுக்கும் ஊக்கமளித்தார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற ஜெப்றி பெலிங் தாமே ஒரு நவீன ஓவியர். 1943 ஆம் ஆண்டு கொழும்பில் லயனல் வென்ட்டின் முயற்சியால் உருவாகி, ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுசிறி முதலானோரை ஒன்றிணைத்த "43 குழு" இச்சூழலிலேயே வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர்.கனகசபை 1938 இல் ஆரம்பித்த ஓவியக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கியிருந்தது. பிற்காலத்தில் மாற்கு போன்ற ஓவியர்கள் ஆசிரியர்களாகவும் இருந்து ஒரு தலைமுறையை உருவாக்கினர். ஆக, வகுப்பறைக்கும் ஓவியக் கூடத்துக்கும் இடையில் இன்று காணப்படும் தூரம் இடையில் வந்ததேயாகும்.

இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் ஆசிரியர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எங்கு செல்வது என்பதையன்று, எதற்காகச் செல்வது என்பதையே. "ஓவியங்களைப் பார்த்தல்" என்பது நோக்கமாகாது. "ஒரே கடற்கரையை இரண்டு ஓவியர்கள் ஏன் வெவ்வேறு நிறங்களில் தீட்டினர்?", "முகத்தைத் தீட்டாமல் துயரத்தைக் காட்ட முடியுமா?" என்பன போன்ற ஒரேயொரு கேள்வி போதுமானது. கேள்வி ஒன்று கையில் இருந்தால், நூறு ஓவியங்களுள் எந்த நான்கின் முன்னால் நிற்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். ஒரு பயணத்தில் நான்கு அல்லது ஐந்து படைப்புகளுக்கு மேல் எடுத்துக் கொள்ளாதிருத்தல் நன்று.

அடுத்ததே இடத்தெரிவு. கொழும்பு 7 இல் பார்ன்ஸ் பிளேசிலுள்ள சப்புமல் மன்றம், ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடாகும். 43 குழுவினரின் படைப்புகள் அங்கு ஒரு வீட்டின் அறைகளிலேயே தொங்குகின்றன. பெரிய கட்டடங்களைக் கண்டு ஒடுங்கும் மாணவர்களுக்கு இவ்வீட்டுச் சூழல் மிகவும் உகந்தது. எனினும் இடவசதி குறைவென்பதால் ஒரே தடவையில் பெருந்தொகையினரை அழைத்துச் செல்ல இயலாது. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் தேசிய கலாபவனம் அமைந்துள்ளது. 2019 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழிகளிலும் இயங்குவது எமது மாணவர்களுக்குப் பெரும் வாய்ப்பாகும். பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939-1940 காலப்பகுதியில் தீட்டிய சுவரோவியங்கள், வழிபாட்டுத் தலமொன்றில் நவீன ஓவியம் எவ்வாறு இடம்பிடித்தது என்பதைக் காட்டுகின்றன. இவற்றுள் சில குறிப்பிட்ட நாட்களில் மாத்திரமே திறக்கப்படுவதாலும், புனரமைப்புக்காகவோ காட்சி மாற்றத்துக்காகவோ மூடப்படக் கூடும் என்பதாலும், திகதியை நிர்ணயிக்கும் முன்னர் நிர்வாகத்தினருடன் தொடர்பு கொள்வது அவசியம்.

நிர்வாக ஏற்பாடுகளுக்குக் குறைந்தது ஒரு தவணைக் காலமேனும் தேவைப்படும். அதிபரின் இணக்கம், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் ஆகியன முதலில் பெறப்பட வேண்டும். வெள்ளிக்கிழமையும் போயா தினமும் தவிர்க்கப்படுதல் நன்று. தொழுகைக்கான நேரம், ஹலால் உணவு, சைவ உணவு, மாணவிகளுக்கான கழிப்பறை வசதி, உடன் செல்லும் ஆசிரியைகளின் எண்ணிக்கை என்பன கடைசி நேரத்தில் தீர்மானிக்கப்படுபவையாக இருத்தலாகாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவுப் பயணம் செய்து அதிகாலையில் வந்திறங்கும் பிள்ளைகள் களைத்திருப்பர். எனவே முகம் கழுவி, காலையுணவு உண்டபின் ஓவியக் கூடமே முதலாவது இடமாக இருக்க வேண்டும். மிருகக்காட்சிசாலையில் நடந்து களைத்த கால்களுடன் எவரும் ஓவியம் பார்க்க இயலாது.

பயணச் செலவும் கவனத்திற்குரியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பஸ் வாடகை பல குடும்பங்களின் சக்திக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. கட்டணம் செலுத்த முடியாத பிள்ளை வீட்டில் தங்கிவிடும் பயணத்தைக் கல்விப் பயணம் எனக் கொள்ள முடியாது. பழைய மாணவர் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் முன்வர வேண்டிய இடம் இதுவாகும். எப்பிள்ளைக்கு உதவி வழங்கப்பட்டது என்பது ஏனைய பிள்ளைகளுக்குத் தெரியாதவாறு அது செய்யப்பட வேண்டும் என்பதும் முக்கியமானது.

மொழிப் பிரச்சினையையும் மறந்துவிடலாகாது. விளக்கக் குறிப்புகள் தமிழில் இல்லாத கூடங்களும் உள்ளன. தெரிவு செய்த ஓவியங்களுக்கு ஓவியரின் பெயர், ஆண்டு, ஊடகம் ஆகியவற்றுடன் இரண்டு மூன்று வரிகளில் தமிழ்க் குறிப்பொன்றை ஆசிரியர் தயாரித்துச் செல்லலாம். தமிழ்க் குறிப்புகள் வேண்டும் என நிர்வாகத்தினருக்குக் கடிதம் எழுதுவதும் பயனுடையதே. கேட்போர் இல்லாதவிடத்து வழங்குவோரும் இருப்பதில்லை.

பெற்றோரின் தயக்கங்கள் மதிக்கப்பட வேண்டும். உயிருருவங்களை வரைவது தொடர்பாக முஸ்லிம் பெற்றோர் பலரிடத்தில் மார்க்க ரீதியான கேள்விகள் உண்டு. நிர்வாண உருவங்கள் தொடர்பாகத் தமிழ், முஸ்லிம் பெற்றோர் இரு சாராரிடமும் தயக்கம் உண்டு. இவற்றை அறியாமை என ஒதுக்குவது தவறாகும். ஆசிரியர் முன்கூட்டியே கூடத்தைப் பார்வையிட்டோ, நிர்வாகத்திடமிருந்து படைப்புகளின் படங்களைப் பெற்றோ, தாம் காட்டப்போகும் ஓவியங்களைப் பெற்றோர் கூட்டத்தில் முன்வைக்கலாம். நிலக்காட்சி, அரூப ஓவியம், எழுத்தணி, கேத்திரகணித வடிவங்கள் எனத் தெரிவுக்குரிய பரப்பு விரிவானது. நிலக்காட்சியைப் புதிய கோணங்களில் அணுகிய முஹன்னட் காதர் போன்ற சமகால ஓவியர்களின் படைப்புகளையும் இத்தெரிவில் சேர்க்கலாம். நம்பிக்கைக்கும் ஓவியத்துக்கும் இடையில் பிள்ளை ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நிலையை நாம் உருவாக்கக் கூடாது.

பயணத்திற்கு முந்திய இரண்டு பாடவேளைகள் தயாரிப்புக்கு ஒதுக்கப்படல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா.சனாதனன், போரினால் இடம்பெயர்ந்த வடபுல மக்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த வரைபடங்களைத் தொகுத்து 2011 இல் ஒரு கலைநூலாக்கினார். அதனை அடியொற்றி, மாணவர்கள் தத்தமது வீட்டை நினைவிலிருந்து வரையலாம். எதை மறந்தோம், எதைப் பெரிதாக வரைந்தோம் என்று அவர்களே பார்க்கட்டும். ஓவியர் ஒருவர் கண்டதை அப்படியே பதிவதில்லை, தெரிவு செய்கின்றார் என்ற உண்மையை இப்பயிற்சி எந்த விரிவுரையையும் விட எளிதில் உணர்த்தும். ஆயினும் வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளைகளை இதற்குக் கட்டாயப்படுத்தலாகாது. அவர்கள் விரும்பினால் பாடசாலை முற்றத்தை வரையலாம்.

ஓவியக் கூடத்தின் விதிகளும் முன்னரே, காரணத்துடன் சொல்லப்பட வேண்டும். "தொடாதே" என்பது கட்டளை மாத்திரமே. விரலிலுள்ள எண்ணெயும் வியர்வையும் வர்ணத்தில் படிந்து காலப்போக்கில் அதைச் சிதைக்கும் என்பது அறிவு. கடதாசியில் தீட்டப்பட்ட நீர்வர்ண ஓவியங்கள் ஒளியினால் மங்குபவை. மங்கிய நிறத்தை மீட்டெடுக்க முடியாது என்பதாலேயே அத்தகைய படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவான மங்கிய வெளிச்சம் விதந்துரைக்கப்படுகின்றது. காரணம் தெரிந்த பிள்ளை காவலாளியின் பார்வைக்கு அஞ்சுவதில்லை. ஓவியத்துக்குத் தானே காவலாகின்றது.

உள்ளே சென்றபின் நாற்பது மாணவர்களும் ஒரே ஓவியத்தின் முன் குவிந்தால் முன்வரிசையினர் மாத்திரமே எதையும் காண்பர். பத்துப் பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, நான்கு ஓவியங்களின் முன் நிறுத்தலாம். பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறினால் ஒரு மணித்தியாலத்தில் அனைவரும் நான்கையும் பார்த்து முடிப்பர். முதல் இரண்டு நிமிடங்கள் எவரும் பேசாமல் பார்த்தல் வேண்டும். அதன்பின் என்ன கேட்பது என்பதற்கு, நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பிலிப் யெனவைனும் உளவியல் ஆய்வாளர் அபிகெய்ல் ஹவுசனும் வகுத்த முறை உதவும். இப்படத்தில் என்ன நடக்கின்றது? எதைப் பார்த்து அவ்வாறு சொல்கின்றீர்கள்? இன்னும் எதைக் காணலாம்? இம்மூன்று கேள்விகளே அதன் அடிப்படை. இரண்டாவது கேள்வியே இவற்றுள் பெறுமதி மிக்கது. மனம் போனபடி சொல்வதற்கும் சான்று காட்டிச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அது கற்பிக்கின்றது. இப்பழக்கம் சித்திரப் பாடத்துடன் நின்றுவிடுவதன்று.

ஆசிரியர் இங்கு ஒரு கட்டுப்பாட்டைத் தமக்குத் தாமே விதித்துக் கொள்ள வேண்டும். விடையை முந்திக் கொண்டு சொல்லிவிடக் கூடாது. சுவரிலுள்ள குறிப்பைக் கொப்பியில் பிரதி பண்ணும் வேலையை மாணவர்களுக்கு வழங்கவும் கூடாது. அவ்வேலை கண்ணை ஓவியத்திலிருந்து எழுத்துக்குத் திருப்பிவிடும். பென்சிலும் ஒரு தாளும் கொடுத்து, ஓவியத்தின் ஒரு மூலையை மாத்திரம் வரையச் சொல்வது மேலானது. திறமையாக வரைவதன்று நோக்கம், நின்று பார்ப்பதே.

திரும்பிய வாரத்தில் பாடம் தொடர வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த அல்லது பிடிக்காத ஓவியமொன்றைப் பற்றிக் காரணத்துடன் ஒரு பக்கம் எழுதலாம். பிடிக்கவில்லை என்று சொல்லவும் மாணவருக்கு உரிமையுண்டு. மாணவர்களின் சொந்தப் படைப்புகளை வகுப்பறைச் சுவரில் தொங்கவிட்டு, குறிப்புகளையும் அவர்களே எழுதிப் பெற்றோரை அழைத்தால், பயணத்தில் கலந்து கொள்ளாத ஊரவர்க்கும் அதன் பயன் சென்றடையும்.

கொழும்புப் பயணம் இயலாத பாடசாலைகள் இதனைக் கைவிட வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நுண்கலை மாணவர்களின் கண்காட்சிகள் நடைபெறுவதுண்டு. மருதமுனையின் கைத்தறிகளில் நிறமும் வடிவமும் கணக்காக மாறுவதை நேரில் காணலாம். ஊர்க் கோயிலின் சுவரோவியமும் பழைய பள்ளிவாசலின் மரவேலையும் இதே மூன்று கேள்விகளுக்கு இடம் தருபவையே.

இவ்விடத்தில் ஆனந்த குமாரசுவாமியை நினைவுகூர்தல் பொருத்தமானது. கொழும்பைச் சேர்ந்த தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877 இல் பிறந்து, சிங்களக் கைவினைஞரின் கலையைப் பற்றி 1908 இல் பெருநூல் எழுதி, 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947 இல் மறைந்தவர் அவர். கலைப்படைப்புகளை ஏன் காட்சிக்கு வைக்கிறோம் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்ட அவரது நூலொன்று 1943 இல் வெளியானது. அருங்காட்சியகத்தின் பணி பொழுதுபோக்கன்று, கல்வியே என்பது அவரது நிலைப்பாடாகும்.

தேசிய கலாபவனம் அமைந்துள்ள வீதி இன்று அவரது பெயரையே தாங்கி நிற்கின்றது. கிளிநொச்சியிலிருந்தோ, காத்தான்குடியிலிருந்தோ, ஹட்டனிலிருந்தோ அவ்வீதிக்கு வரும் மாணவர் தம்மை விருந்தாளியாகக் கருத வேண்டியதில்லை. அச்சுவர்களில் உள்ளவை இந்நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் உரியவை. அவ்வுரிமையை அரை மணித்தியாலத்தில் கடந்து செல்ல விடுவதா, நான்கு ஓவியங்களின் முன்னால் நிறுத்தி உணரச் செய்வதா என்பது அதிபர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் எடுக்க வேண்டிய தீர்மானமாகும்.