வராத புகையிரதத்துக்காகத் திருத்தப்பட்ட ஐந்து இயந்திரங்கள்

அமெரிக்காவின் செசப்பீக் அன்ட் ஒஹாயோ புகையிரத நிறுவனம் நிலக்கரி ஏற்றியே வளர்ந்தது. ஏனைய நிறுவனங்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தபோதும் அது நீராவியை விடத் தயங்கியது. சோறு போடும் நிலக்கரியை எப்படிக் கைவிடுவது?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், வாஷிங்டனுக்கும் சின்சினாட்டிக்கும் இடையே ‘செஸி’ என்ற பகல்நேரச் சொகுசுப் புகையிரதத்தை விட அதன் தலைவர் றொபேர்ட் யங் திட்டமிட்டார். பிரதான பாதைக்கு மூன்று புதிய நீராவிச் சுழலி இயந்திரங்கள் வாங்கப்பட்டன. கிளைப் பாதைகளுக்கோ, 1926இல் வாங்கிய ஐந்து பழைய இயந்திரங்களை 1946-47இல் ஹன்டிங்டன் பட்டறையில் திருத்தி எடுத்தார்கள். பின்புறம் இரண்டாக இருந்த சில்லுகள் நான்காகின. அச்சுகள் இலகுவாகச் சுழல உருளைத் தாங்கிகள் பொருத்தப்பட்டன. நான்குக்குப் பளபளக்கும் உருக்குப் போர்வை கிடைத்தது. ஐந்தாவதுக்கு அந்த அலங்காரம் இல்லை. ‘எல்-1’ என்பது இவற்றின் புதிய வகுப்புப் பெயர்.

‘செஸி’ ஒருநாளும் ஓடவில்லை. பயணிகள் காருக்கும் விமானத்துக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். 1948இல் திட்டம் கைவிடப்பட்டது. பெரும் செலவில் வந்த சுழலிகள் அடிக்கடி பழுதாகி, 1950இல் பழைய இரும்பாகப் போயின. திருத்திய பழசுகளோ சாதாரண பயணிகள் புகையிரதங்களை இழுத்தன. அவற்றில் 490ஆம் இலக்க இயந்திரம் மட்டும் இன்றும் பால்ரிமோர் புகையிரத அருங்காட்சியகத்தில் நிற்கிறது.