காற்றின் வழியும் ஏலக்காயின் பசுமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் அமைந்துள்ளது. ஊரிலிருந்து மேற்கே வளைந்து ஏறும் மலைப்பாதை போடிமெட்டை அடைகின்றது. அதற்கப்பால் ஏலமலைச் சரிவுகளில், நிழல்மரங்களின் கீழ், ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கு விளையும் காய் விற்பனைக்கு வரும் ஊர்களுள் போடி தலைசிறந்தது. வணிகர் காயின் பருமனையும் எடையையும் நோக்குவர். அவற்றோடு பசுமையையும் ஆராய்வர். அப்பசுமையைத் தருவது செடி, காப்பது உலர்கூடம். தோட்டத்து மக்கள் இதனை ‘ஸ்டோர்’ என வழங்குவர்.

பறித்த ஏலக்காயில் பெரும்பகுதி நீரே. 100 கிலோ பச்சைக்காயில் 80 கிலோ நீர் உண்டெனக் கொள்வோம். எஞ்சிய பொருள் 20 கிலோ. நன்கு உலர்ந்த காயில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நீரே இருத்தல் வேண்டும். எனவே, உலர்ந்தபின் நிற்பது ஏறத்தாழ 22 கிலோ. ஏனைய 78 கிலோ நீரும் ஆவியாகிக் கூடத்தை விட்டு நீங்குதல் வேண்டும். வெயிலில் உலர்த்தின் நிறம் வெளுக்கும், தோலும் வெடிக்கும். ஆதலின் மூடிய கூடமே ஏற்றது.

கூடத்திற்கு வெளியே அடுப்பு மூட்டி, அதன் வெப்பத்தை இரும்புக் குழாய்களின் வழியே உள்ளே செலுத்துவது பழைய முறை. குழாய்களுக்கு மேல் வலைத்தட்டுகளில் காய் மெல்லிதாகப் பரப்பப்படும். வெப்பம் 45 முதல் 50 பாகை சென்டிகிரேடு அளவில் நிற்றல் நலம். எனினும், வெப்பம் மட்டும் போதாது. வெப்பம் நீரை ஆவியாக்கும்; அவ்வாவியைச் சுமந்து செல்வது காற்று. ஈரம் நிறைந்த காற்று அங்கேயே தங்குமாயின், அடுப்பு எவ்வளவு எரியினும் காய் உலராது.

ஆகவே, காற்றுக்கு வழி அமைப்பதே இத்தொழிலின் நுட்பம். சூடேறிய காற்று மேலே எழும். அதனால் புதுக்காற்று புகும் வாயில் சுவரின் அடியிலும், ஈரக்காற்று போகும் வாயில் உச்சியிலும் அமைதல் வேண்டும். இரண்டும் அருகருகே இருப்பின், புகுந்த காற்று தட்டுகளைத் தீண்டாது உடனே வெளியேறிவிடும். மூலைகளில் ஈரம் தேங்கும். மின்விசிறி வைப்பினும் இவ்விதி மாறாது. தட்டுகளுக்கிடையே இடைவெளி விடுதலும், அவற்றை இடம் மாற்றி வைத்தலும் இன்றியமையாதன. தொடக்கத்தில் காய் சூடேறும்வரை வாயில்களை மூடிவைத்து, ஆவி நிறைந்தபின் திறந்துவிடுவர். அளவுக்கு மிஞ்சித் திறந்துவைப்பின் வெப்பம் வீணாகும், விறகும் வீணாகும்.

இவ்வியல்பு நீருக்கும் பொருந்தும். மன்னார் வளைகுடாவில் வாழும் பவள உயிர்களுக்கு அலையும் நீரோட்டமும் உணவையும் உயிர்வளியையும் கொணர்கின்றன. பவளம் வளர்க்கும் நீர்த்தொட்டிகளில் அவ்வேலையைச் சுழற்சிப் பம்புகள் செய்கின்றன. அவற்றை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, ஓட்டங்கள் கலந்து தொட்டி முழுவதும் பரவச் செய்வர். பாறைக்குப் பின்னே நீர் தேங்கின் கழிவு படியும். பம்பின் விசை நேரே மோதின் பவளத்தின் மென்தசை சிதையும். காற்றாயினும் நீராயினும், தேங்காது செல்லுதல் வேண்டும். தாக்காதும் செல்லுதல் வேண்டும்.

ஏலக்காய் ஒரே நாளில் முதிர்வதன்று. தோட்டத்துப் பெண்கள் செடியின் தூரருகே அமர்ந்து, பருவம் வந்த காய்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தெரிந்து பறிக்கின்றனர். உலர்த்துதல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் நீளும். அவ்விரவில் ஒரு வாயிலைத் திறக்க மறப்பின், பல கைகளின் உழைப்பு நிறம் மங்கி விலை குன்றிவிடும். ஆதலின், ஸ்டோரில் விழித்திருப்பவன் நெருப்பைக் காப்பதோடு காற்றின் போக்கையும் கருத்தோடு காத்தல் கடனாகும்.